குடும்ப வண்டியில் யாருக்குப் பாதுகாப்பு?

தனக்கென்று மட்டும் மோட்டார் வண்டி வாங்கும் மனிதன் பெரிய வான் வண்டியை நாடுவதில்லை. மனைவி, மக்கள், வயது சென்ற பெற்றோர், மூட்டை முடிச்சுகள் யாவற்றையும் ஒருங்கே ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற எண்ணமே அவனை அவ்வண்டியிடம் இழுக்கிறது. ஆதலின் அதைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, முன்னால் அமர்ந்து ஓட்டுகிறவன் பிழைப்பானா என்பதன்று. பின்னால் அமர்ந்திருப்போர் பிழைப்பார்களா என்பதே. இவ்வகை வண்டி பிறந்த அமெரிக்காவில், வண்டி நேருக்கு நேர் மோதினால் பின் ஆசனத்துப் பெரியவர்கள் கதி என்ன என்பதை, அந்நாட்டின் புகழ்பெற்ற பரீக்ஷை ஸ்தாபனம் ஒன்று தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது 2022-ம் வருஷக் கடைசியில்தான். நேயர்கள் இதைச் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

கிரைஸ்லர் கம்பெனி 1984-ம் வருஷ மாடலாக டாட்ஜ் காரவான், பிளிமத் வாயேஜர் என்னும் வண்டிகளை வெளியிட்டது முதல் அமெரிக்காவில் வான் என்பது குடும்ப வாகனமாயிற்று. ஜனங்கள் அதைக் காராகவே பாவித்தார்கள். சட்டமோ அதைக் காராக எண்ணாமல் வேறு இனத்தில் வைத்தது. இதனால் கார்களுக்கு விதித்திருந்த பாதுகாப்பு நிபந்தனைகள் சில ஆரம்பத்தில் அதைக் கட்டுப்படுத்தவில்லை. தலைசாய்ப்பு பற்றியும் கூரையின் வலிமை பற்றியும் இருந்த விதிகள் 1990-களில்தான் இவ்வண்டிகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டன.

பின்கதவின் கதை இன்னும் கொடியது. பக்கக் கதவின் பூட்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதற்குச் சர்க்கார் விதி இருந்தது. குழந்தைகள் அமரும் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் பெரிய கதவுக்கோ விதி ஏதும் இல்லை. மோதலின்போது அக்கதவு திறந்துகொள்ள, உள்ளே இருந்தவர்கள் வெளியே வீசப்பட்டு மாண்ட சம்பவங்கள் நிகழ்ந்தன. சர்க்கார் விசாரணைக்குப் பின்னர், 1995-ல், சுமார் 40 லட்சம் வண்டிகளின் பூட்டுகளை மாற்றித் தரக் கம்பெனி இசைந்தது. பின்கதவுப் பூட்டுக்கும் விதி இயற்றப்பட்டது அதே வருஷத்தில்தான். விதி இருந்த கதவில் பலம் இருந்தது. விதி இல்லாத கதவு மனித உயிரைப் பலி கொண்ட பிறகே விதியைப் பெற்றது.

இனி பரீக்ஷையின் சரித்திரத்தைப் பார்ப்போம். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் பொருளுதவியால் நடைபெறும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டு, உள்ளே வைத்த பொம்மையின் தலை, கழுத்து, மார்பு, கால் ஆகியவை என்ன பாடுபடுகின்றன என்பதைக் கருவிகளால் அளந்து, நன்று, ஏற்கத்தக்கது, சுமார், மோசம் என நான்கு தரங்களில் தீர்ப்புக் கூறுவது அதன் வழக்கம். 1995-ல் தொடங்கிய முதல் முறையில் வண்டி முகப்பின் அகலத்தில் 40 சதவீதம் தடுப்பில் மோதும். ஆரம்பத்தில் பல வண்டிகள் தோற்றன. நாளடைவில் ஏறக்குறைய யாவும் தேறின. கம்பெனிகள் விளம்பரங்களில் மார்தட்டிக்கொண்டன.

2012-ல் அந்த ஸ்தாபனம் கேள்வியைச் சிறிது மாற்றியது. முகப்பின் மூலையில் 25 சதவீதம் மட்டும் கடினமான தடுப்பில் மோதினால் என்ன ஆகும்? மரத்திலோ கம்பத்திலோ வண்டி இடிப்பது பெரும்பாலும் இப்படித்தானே? 2014-ல் வான் வண்டிகளின் முறை வந்தது. நிஸ்ஸான் க்வெஸ்ட் வண்டியில் முன்கதவுக் கீலைத் தாங்கும் தூண் ஏறக்குறைய இரண்டு அடி உள்ளே புகுந்துவிட்டது. ஆசனத்தை அப்புறப்படுத்திய பிறகும், கடப்பாரையால் நெம்பித்தான் பொம்மையின் வலது காலை விடுவிக்க முடிந்தது. கிரைஸ்லர் டவுன் அண்டு கண்ட்ரியும் ‘மோசம்’ என்ற தீர்ப்பையே பெற்றது. அதே பரீக்ஷையில் ஹோண்டா ஒடிஸி ‘நன்று’ என்று தேறியது. ஆகவே, பெரிய வண்டியை உறுதியாகச் செய்வது இயலாத காரியம் என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

அத்துடன் முடிந்ததா? இல்லை. ஓட்டுகிறவன் பக்கம் இவ்வாறு பலப்பட்ட பின், அவனுக்கு அடுத்த ஆசனத்தின் பக்கமும் அதே பலம் பெற்றிருக்கிறதா என்று 2017-ல் அந்த ஸ்தாபனம் சோதிக்கத் தொடங்கியது. ஓட்டுகிறவன் பக்கத்தில் ‘ஏற்கத்தக்கது’ என்று 2014-ல் தேறியிருந்த டொயோட்டா சியென்னா, மற்றப் பக்கத்தில் ‘சுமார்’ என்ற அளவுக்குத் தாழ்ந்தது. ஒரே வண்டி, ஒரே முகப்பு, இரண்டு நீதி! பரீக்ஷைக்கு வரும் பாடத்தை மட்டும் நெட்டுருப் போடும் மாணாக்கனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாக, 27 வருஷ காலம் காலியாக இருந்த பின் ஆசனத்தில், ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால், ஒரு பொம்மை வைக்கப்பட்டது. அதன் உருவம் சிறிய உடற்கட்டுள்ள ஒரு ஸ்திரீயின் அளவு. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் அளவு என்றும் சொல்லலாம். 2023-ல் நான்கு வான்கள் இம்முறையில் சோதிக்கப்பட்டன. கிரைஸ்லர் பசிஃபிகா, கியா கார்னிவல், டொயோட்டா சியென்னா மூன்றும் ‘சுமார்’. ஹோண்டா ஒடிஸி ‘மோசம்’. ஒன்றுகூட ‘நன்று’ என்றோ ‘ஏற்கத்தக்கது’ என்றோ தேறவில்லை. நான்கிலும் முன் ஆசனத்தில் இருப்பவருக்கு நல்ல பாதுகாப்பு. நான்கிலும் பின் ஆசனத்தில் இருப்பவருக்கு மார்புக் காய அபாயம்!

இதன் காரணம் மர்மமானதன்று. முன் ஆசனத்தின் சீட் பெல்ட், மோதிய கணத்தில் தானாக இறுகி உடலைப் பிடிக்கும். பின்பு மார்பு நசுங்காதபடி அளவோடு தளர்ந்து கொடுக்கும். அதற்குள் எதிரே ஏர்பேக் விரிந்து தலையைத் தாங்கும். பின் ஆசனங்களில் பலவற்றுக்கு இந்த வசதிகள் முழுமையாக எட்டவில்லை. தளராத பெல்ட் விலா எலும்பை அழுத்துகிறது. சரியாகப் பொருந்தாத பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்துகிறது. 2007 முதல் வெளிவந்த மாடல்களில், பெல்ட் அணிந்து முன்னால் இருப்பவரைக் காட்டிலும், பெல்ட் அணிந்து பின்னால் இருப்பவருக்கு உயிர்ச்சேத அபாயம் 46 சதவீதம் அதிகம் என்று அதே ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பின் ஆசனம் முன்னைவிடக் கெட்டுப்போனது என்பது இதன் பொருளன்று. முன் ஆசனம் முன்னேறியது. பின் ஆசனம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனால் இதைக் கேட்டு எவரும் குழந்தைகளை முன்னால் உட்கார வைத்துவிடக் கூடாது. விரியும் ஏர்பேக்கின் வேகம் சிறு குழந்தைக்கு எமனாகும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குப் பின் ஆசனமே உகந்தது என்பதில் நிபுணர்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. பின்னால் அமர்வோர் அனைவரும் பெல்ட் அணிவதும் கட்டாயம். அணிந்த பெல்ட் குறையுடையதாயினும் அணியாததைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. கார்னிவல் என்ற பெயருள்ள வண்டி 2024-ல் புதிய உருவில் இங்கும் விற்பனைக்கு வந்தது. அங்கே சோதித்ததும் இங்கே விற்பதும் அணுவளவும் மாறாத ஒரே வண்டி என்று கொள்ளலாகாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. நம் சர்க்காரின் பாரத் என்காப் திட்டம் 2023 அக்டோபர் 1-ம் தேதி தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சி. எனினும் அது தொடங்கிய விதிமுறைப்படி, முன்புற மோதலில் பெரியவர்களின் பொம்மைகள் முன் ஆசனங்களில் மட்டுமே வைக்கப்படுகின்றன. பின்னால் இடம் பெறுவன ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் பொம்மைகள். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அவளுடைய பாட்டிக்கும் அந்த ஆசனத்தில் பிரதிநிதி இல்லை. பிரதிநிதி இல்லாதவர்களுக்கு நியாயம் தாமதமாகவே கிட்டும் என்பதை நம்மவர்க்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, வண்டி வாங்கச் செல்வோர் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு திருப்தியடையலாகாது. அந்த நட்சத்திரங்கள் எந்த ஆசனத்துக்கு வழங்கப்பட்டவை என்று கேட்க வேண்டும். பின் வரிசைப் பெல்ட் மோதலில் தானாக இறுகுமா, அளவோடு தளருமா என்று வினவ வேண்டும். விற்பவர் விடை சொல்லத் திணறினால் அதுவே விடை. சர்க்காரும் காலியான ஆசனத்தில் பொம்மையை வைக்க இன்னொரு 27 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கென்று விற்கும் வண்டி குடும்பம் அமரும் இடத்தில் சோதிக்கப்பட வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று. விலை கொடுத்தவனின் உரிமை.