பழைய வள்ளத்துக்குப் புது நிறம்: யாரைக் கேட்டுப் பூசுகிறோம்?

திருக்கடலூர்க் கரையில் இழுத்து வைத்த வள்ளமொன்றில் கை ஊன்றியபடி அம்மப்பா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்பக்கத்தில் 1953 என்று மையால் எழுதியிருக்கிறது. அண்மையில் அதைக் கைபேசிச் செயலி ஒன்றில் ஏற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் கடல் நீலமானது, மணல் மஞ்சளானது, வள்ளம் மண்ணிறமானது. பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இது ஆரின்ர வள்ளம்? எங்கட வள்ளத்துக்கு விளிம்பு சிவப்பெல்லோ. இதில கறுப்பாக் கிடக்கு” என்றார்.

செயலி பிழை விட்டது எங்கே? கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிவாவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. ஒரே அளவு சாம்பல், சிவப்பிலிருந்தும் வரலாம், பச்சையிலிருந்தும் வரலாம். நிறமூட்டும் மென்பொருள் படத்துக்குள் ஒளிந்திருக்கும் நிறத்தை வெளியே எடுப்பதில்லை. இலட்சக்கணக்கான வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகிய பின், “இப்படியான பொருள் பெரும்பாலும் இந்த நிறம்” என்று ஊகிக்கிறது. 2018இல் வெளிவந்த டிஓல்டிஃபை போன்ற திறந்த மென்பொருள்கள் இந்த வேலையை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தன. மரம் என்றால் மண்ணிறம், போர்க்கப்பல் என்றால் சாம்பல் என்பதே அவற்றின் வழமையான விடை.

பிலிமிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துப் பிலிம்களில் பல ‘ஓர்த்தோகுரோமட்டிக்’ வகையைச் சேர்ந்தவை. அவை சிவப்பை உணராது. நீலத்தை மிகையாக உணரும். ஆகவே சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். அம்மப்பாவின் வள்ள விளிம்பு படத்தில் கறுத்துப் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மென்பொருள் அந்தக் கறுப்பை அப்படியே நம்பிவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய கப்பல் படங்களில் இது இன்னும் பெரிய பிழையாகும். பிரித்தானியக் கடற்படை 1903 வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அதற்கு முன் அதன் கப்பல்களுக்குக் கறுப்பு உடல், வெள்ளை மேற்பகுதி, வெளிர் மஞ்சள் புகைபோக்கி என்பதே வழமை. வெப்பமான கடல்களில் உடலும் வெள்ளையாக இருப்பதுண்டு. ஆண்டு தெரியாமல் நிறம் பூசினால் ஒரு காலகட்டமே மாறிப்போகும். இரண்டாம் உலகப் போரில் சில கப்பல்களுக்கு இளஞ்சிவப்புக் கலந்த சாம்பல்கூடப் பூசப்பட்டது. அதற்குப் பெயரே ‘மவுண்ட்பேட்டன் பிங்க்’. பின்னாளில் கண்டியில் தலைமையகம் அமைத்த அதே மவுண்ட்பேட்டன் 1940இல் கொண்டுவந்த நிறம் அது. எந்த மென்பொருளும் போர்க்கப்பலுக்குத் தானாக இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுக்காது.

ஆனால் கடற்படைகளிடம் ஆவணம் உண்டு. பூச்சுக் கட்டளைகளும் நிற மாதிரிகளும் எஞ்சியிருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பலின் படத்துக்கு நிறமூட்ட விரும்புபவர் தேடிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் வள்ளங்களுக்கும் தோணிகளுக்கும் அப்படியொரு கோப்பு கிடையாது. எந்த எண்ணெய் பூசினார்கள், பாய்க்கு என்ன சாயம் போட்டார்கள், முகப்பில் என்ன பெயர் எழுதினார்கள் என்பது மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது. இடம்பெயர்வுகளும் 2004 சுனாமியும் எத்தனையோ வீடுகளில் படங்களையே கொண்டுபோய்விட்டன. எஞ்சிய படத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

“நிறம்தானே, பிழைத்தால் என்ன?” என்று கேட்கலாம். 2021இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் நிறமூட்டினார். சில முகங்களில் மூலப்படத்தில் இல்லாத சிரிப்பு வந்திருந்தது. கம்போடிய அரசு கண்டித்தது. வெளியிட்ட இணையத்தளம் அவற்றை நீக்கியது. படங்களைச் சாட்சியாக வைத்து நீதி கேட்கும் மக்கள் வாழும் நாட்டில், மெருகூட்டலுக்கும் திரிபுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவு என்பதை நாம் மறக்கக் கூடாது.

நிறமூட்டவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கறுப்பு வெள்ளையில் கண்ணுக்குப் படாமல் போகும் ஒரு கயிறோ ஒரு முகமோ நிறத்தில் தெளிவாகத் தெரிவதுண்டு. பெரியம்மாவின் வாயைத் திறக்க வைத்ததும் அந்தப் பிழையான நிறம்தான். வரிசை மட்டும் மாற வேண்டும். முதலில் மூலப்படத்தை இரு பக்கமும் ஸ்கான் செய்து, கை வைக்காமல் சேமியுங்கள். பிறகு மூத்தவர்களிடம் கேளுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நிறம் பூசுவது அதற்குப் பிறகு. பகிரும்போது “நிறமூட்டப்பட்டது” என்று படத்தின் மேலேயே குறியுங்கள். கீழே எழுதும் குறிப்பு இரண்டாவது பகிர்விலேயே காணாமல் போய்விடும்.

நான் இரண்டாம் முறை கேட்டபோதுதான் பெரியம்மா மீதியைச் சொன்னார். “அந்தச் சிவப்புப் பெயின்ற் நேவி யாட்டில வேலை செய்த சித்தப்பா கொண்டு வந்தது. கப்பலுக்கு அடிச்ச மிச்சம்.”

பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அதன் சிவப்பு மையில் கொஞ்சம் எங்கள் வள்ளத்தின் விளிம்பில் இருந்திருக்கிறது. அதைப் படத்தின் பின்புறம், 1953க்குக் கீழே, பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.