பாதையோடு சேர்த்து நகலெடுப்பது

கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவின் கணினியைத் திறந்தால் முதலில் ஆண்டுகள் வரிசையாக நிற்கும்: 2019, 2020, 2021. ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் கேமராவிலிருந்து இறக்கிய படங்கள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். வீட்டார் பார்த்துப் பொறுக்கியவை 'தேர்வு' என்ற ஃபோல்டரிலும் ஆல்பம் வேலை மற்றொன்றிலும் இருக்கும். இவற்றில் 'தேர்வு' ஃபோல்டர்களை மட்டும், ஆண்டும் கல்யாணமும் கலையாமல், வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவைக்க வேண்டும். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்து இழுத்துப் போட்டால் நாள் முழுக்கப் போகும், எது விட்டுப்போனது என்றும் தெரியாது.

படங்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் படங்கள் அழிந்துபோகும். டிஜிட்டல் கேமராக்கள் ஃபைலுக்குப் பெயர் வைப்பது டிசிஎஃப் என்ற விதிப்படி. 1998-ல் ஜப்பானில் வகுக்கப்பட்டது அது. பெயரின் முதல் நான்கு எழுத்து ஒரு கேமராவில் பெரும்பாலும் மாறாது, அடுத்த நான்கும் எண். 9999-க்குப் பிறகு எண் மறுபடி 0001-க்கு வந்துவிடும். அதனால் 2019-ன் ஒரு முகூர்த்தப் படமும் 2021-ன் ஒரு வரவேற்புப் படமும் ஒரே பெயரில் இருப்பது சாதாரணம். இரண்டும் ஓரிடத்தில் விழுந்தால் பின்னது முன்னதன் மேல் எழுதப்படும். ஒரு ஃபைலின் அடையாளத்தில் பாதி அதன் பாதையில் இருக்கிறது. பாதையை இழந்த படம் யார் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது என்பதை அந்தப் படமே சொல்லாது.

பாதையோடு நகலெடுக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது ஆர்சிங்க். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்து ஒரு வரி எழுதினால் இயங்கும். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-ல் இதை வெளியிட்டார்கள். விண்டோஸ் கணினியும் யூனிக்ஸ் கணினியும் ஃபைல் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவை எழுதியவரும் இதே ட்ரிட்ஜெல்தான்.

அன்றைய தொலைபேசி இணைப்புகள் மெதுவானவை. ஒரு பெரிய ஃபைலில் நாலு வரி மாறினால் அந்த மாற்றத்தை மட்டும் அனுப்ப வழியுண்டா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. பழைய பிரதி ஒரு ஊரில், புதியது இன்னோர் ஊரில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அவர்கள் கண்ட வழி அழகானது. பழைய பிரதி உள்ள கணினி அதைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்பும். ஒன்று சட்டென்று கணக்கிடக்கூடியது, மற்றது கனமானது, ஆனால் நம்பகமானது. புதிய பிரதி உள்ள கணினி தன் ஃபைலின் மேல் அதே அளவு ஜன்னல் ஒன்றை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திப் பொருத்தம் தேடும். ஜன்னல் ஒரு பைட் நகர்ந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டாம். வெளியே போன பைட்டைக் கழித்து உள்ளே வந்ததைச் சேர்த்தால் லேசான எண் கிடைத்துவிடும். அது பொருந்தும் இடத்தில் மட்டும் கனமான எண்ணைக் கணக்கிட்டு உறுதி செய்யும். உறுதியானால் துண்டின் வரிசை எண் மட்டும் போகும், துண்டு போகாது. ஃபைலின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் செருகி எல்லாம் தள்ளிப்போனாலும் மீதித் துண்டுகள் பொருந்திவிடும்.

ஒரே கணினியில் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குப் போகும்போது இந்த நுட்பம் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அங்கே முழு ஃபைலையும் எழுதுவதே வேகம். நம் ஸ்டுடியோவுக்கு உதவுவது அதைவிட எளிய ஒன்று. அளவும் கடைசியாக மாறிய நேரமும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் அந்த ஃபைலை ஆர்சிங்க் தொடாமல் தாண்டிவிடும். முதல் இரவு பல மணி நேரம் ஓடிய வேலை, மறுவாரம் புதிய படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு முடிந்துவிடும். அதற்கு நேரமும் நகலாகியிருக்க வேண்டும். 'ஏ' என்ற ஒற்றையெழுத்து ஆப்ஷன் கொடுத்தால் உட்ஃபோல்டர்கள், நேரம், உரிமை, அனுமதி எல்லாம் சேர்ந்து வரும். அதை விட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாம் மறுபடி நகலாகும்.

தேர்ந்தெடுக்கும் விதிகள்தான் பலரையும் திணறடிக்கும் இடம். 'இன்க்ளூட்' என்றால் எடு, 'எக்ஸ்க்ளூட்' என்றால் விடு. 'தேர்வு' ஃபோல்டரில் உள்ளதை எடு, மற்றதெல்லாம் விடு என்று இரண்டே விதி எழுதுவோம். ஓட்டினால் ஒரு படமும் வராது. ஆர்சிங்க் மேலிருந்து கீழே இறங்கும் கருவி. முதலில் அதன் கண்ணில் படுவது 2019. அது 'தேர்வு' இல்லை, ஆகவே 'மற்றதெல்லாம் விடு' என்ற விதியில் விழுகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் வீட்டுக்குள் எந்த அறை இருக்கிறதென்று எப்படிப் பார்ப்பார்? அதற்குள் இருக்கும் எதையும் ஆர்சிங்க் பார்க்கப்போவதில்லை. அதனால் முதல் விதியாக, எந்த ஃபோல்டராக இருந்தாலும் உள்ளே போ என்று எழுத வேண்டும்: நட்சத்திரக் குறி, பின்னால் ஒரு சாய்கோடு. அடுத்தது 'தேர்வு'க்குள் உள்ளதை எடு. கடைசியாகத்தான் மற்றதை விடு. விதிகளை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் பொருந்துவதை ஆர்சிங்க் ஏற்கும், மீதியைப் படிக்காது. இந்த வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும். இப்படிச் செய்தால் படமில்லாத வெற்று ஃபோல்டர்களும் கூடவே வரும். 'எம்' ஆப்ஷன் அவற்றைக் கழித்துவிடும்.

எல்லா ஆண்டுகளும் வேண்டாம், குறிப்பிட்ட பத்துப் பன்னிரண்டு கல்யாணங்கள் போதும் என்றால் விதிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு பாதையாக எழுதி, 'ஃபைல்ஸ்-ஃப்ரம்' ஆப்ஷனில் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் போதும். பாதை அப்படியே காக்கப்படும். ஆனால் பட்டியல் கொடுக்கும்போது உட்ஃபோல்டர்களுக்குள் இறங்கும் வேலையை 'ஏ' செய்யாது. 'ஆர்' என்பதைத் தனியே சேர்க்க வேண்டும்.

மூலப் பாதையின் கடைசியில் போடும் சாய்கோட்டிலும் கவனம் வேண்டும். '2019' என்று முடித்தால் அந்த ஃபோல்டரே போய்ச் சேரும். '2019' போட்டு ஒரு சாய்கோடும் போட்டால் அதன் உள்ளே இருப்பவை மட்டும் போகும், 2019 என்ற பெயர் போகாது. இரண்டு ஆண்டுகளை இப்படிச் சாய்கோட்டோடு ஒரே இடத்துக்கு அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும்.

இதனால்தான் 'என்' ஆப்ஷனைப் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். அதோடு 'வி' ஆப்ஷனையும் கொடுத்தால், என்னென்ன செய்யப்போகிறேன் என்று ஆர்சிங்க் பட்டியலிடும், எதையும் செய்யாது. 'டெலீட்' ஆப்ஷனைச் சேர்க்கும்போது இது கட்டாயம். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்குவது அதன் வேலை. பாதையைத் தவறாக எழுதினால் அது நீக்குவது நல்ல படங்களைத்தான். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. அங்கே மாறிய நேரம் 2 விநாடித் துல்லியத்தில்தான் பதியும். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ள 'மாடிஃபை-விண்டோ' 1 என்று சொல்லாவிட்டால், மாறாத படங்களும் மாறியவையாகத் தெரியும்.

விண்டோஸில் இதற்கு ரோபோகாப்பி இருக்கிறது. விஸ்டாவிலிருந்து கூடவே வருகிறது. ஃபோல்டர்களைப் பொறுக்கும் விதம் தலைகீழ்: வேண்டாதவற்றின் பெயர்களை 'எக்ஸ்டி' ஆப்ஷனில் சொல்ல வேண்டும். 'எஸ்' கொடுத்தால் வெற்று ஃபோல்டர்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாதையோடு எடுக்கும். முன்னோட்டப் பட்டியலுக்கு 'எல்'. ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனால் 30 விநாடி காத்திருந்து மறுபடி முயல்வது இதன் இயல்பு. எத்தனை முறை என்று நாம் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை. கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு 11 மாதத்துக்கு மேல். மறுமுயற்சி 3, காத்திருப்பு 5 விநாடி என்று ஸ்கிரிப்டிலேயே எழுதி, லாக் ஃபைலின் பெயரையும் கொடுத்துவிட்டால், பழுதான ஒரு படத்தைத் தாண்டி மற்றவை எல்லாம் நகலாகும். தாண்டியவை எவை என்று அந்த லாக்கில் பார்த்துக்கொள்ளலாம்.