30 நாள் கெடு: பிராண்டு பெயருக்கு ஆட்சேபணை வந்தால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ரோலிங் மில்களில், செக்கச் சிவந்த இரும்பு உருளைகளின் இடுக்கில் புகுந்து புகுந்து மெலிந்து, டிஎம்டி கம்பியாக வெளியே ஓடிவருகிறது. கடைசி உருளையில் வெட்டி வைத்திருக்கும் எழுத்துகள் அந்தச் சூட்டோடு கம்பியின் மேல் புடைத்து விழும். அதுதான் பிராண்டு பெயர். ஊத்துக்கோட்டையில் வீடு கட்டும் மேஸ்திரி கம்பியைத் திருப்பிப் பார்த்து, "இது இன்னார் சரக்கு" என்று சொல்வது அந்த எழுத்தை வைத்துத்தான். உருளையில் எழுத்து வெட்டி, சுவர் விளம்பரம் எழுதி, டீலர் பிடித்து, பெயர் ஊருக்குள் பரவிய நேரத்தில், "இந்தப் பெயரைப் பதிவு செய்வதற்கு ஆட்சேபணை இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

கம்பிக்காரர்களுக்கு மட்டும் வரும் கடிதமல்ல இது. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, அடுத்தவர் பிராண்டுக்குச் சரக்குச் செய்து கொடுத்தது போதும், இனி சொந்தப் பெயரில் விற்போம் என்று துணியும் எவருக்கும் வரும். கடிதத்தைப் பார்த்த மறுநாளே பெயரை மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கோப்பில் சொருகிவிட்டு மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய நஷ்டம் இரண்டாவது வகையினருக்குத்தான்.

நடைமுறை இதுதான். தமிழ்நாட்டில் தொழில் நடத்துபவரின் டிரேட்மார்க் விண்ணப்பம் கிண்டியிலுள்ள சென்னைப் பதிவகத்தின் கீழ் வரும். மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகியவை மற்ற நான்கு அலுவலகங்கள். இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் சான்றிதழ் உள்ள சிறு நிறுவனம் என்றால் 4,500 ரூபாய். பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இரும்புக் கம்பி 6-ஆம் வகுப்பு, மசாலாப் பொடி 30, டயர் 12, லுங்கி 25. விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் எழுந்தால் அதைச் சொல்லி ஆய்வறிக்கை அனுப்புவார். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். பதிலுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம்.

இந்தக் கடைசி வரியின் கனம் அந்த விதிகள் வருவதற்கு முன்பே, 2016 மார்ச் மாதம் நாடு முழுவதும் தெரிந்தது. தேங்கிக் கிடந்த கோப்புகளைக் குறைக்கப் புறப்பட்ட பதிவகம், ஆய்வறிக்கைக்குப் பதில் வரவில்லை என்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்களை ஒரு சில நாள்களில் கைவிடப்பட்டவையாக அறிவித்தது. பதில் அனுப்பிவிட்டோம் என்றார்கள் பலர். அறிக்கையே எங்களுக்கு வரவில்லை என்றார்கள் வேறு பலர். அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர்களின் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; ஏப்ரல் 5-ஆம் தேதி அந்த உத்தரவுகளுக்குத் தடை விழுந்தது. அன்றைக்குத் தப்பித்தது நல்லதுதான். ஆனாலும் விண்ணப்பத்தில் ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலையோ, வேலையை விட்டுப் போன மேலாளரின் மின்னஞ்சலையோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் நிலவரம் பார்க்கலாம். வாரம் ஒருமுறை அதைப் பார்க்கிற பொறுப்பை அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஆய்வறிக்கையைத் திறந்ததும் பார்க்க வேண்டியது, ஆட்சேபணை எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்பதை. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு என்றால், குறை பெயரிலேயே இருக்கிறது என்று பொருள். பொருளின் தரத்தையோ வகையையோ ஊரையோ சொல்லும் பெயர் அது. ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது என்கிறார் அதிகாரி. 11-ஆம் பிரிவு என்றால், அதே மாதிரிப் பெயர் ஒன்று முன்பே பதிவிலோ விண்ணப்பத்திலோ இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதி அனுப்புவது வீண். ஆனால் அப்படித்தான் பல பதில்கள் போகின்றன. பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிய அச்சுப் பதில்கள்.

9-ஆம் பிரிவுக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பனிமலைப் படத்தோடு 'சிம்லா' என்ற பெயரைச் சிகரெட்டுக்குப் பதிவு செய்யக் கேட்டது இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம். சிம்லாவில் புகையிலை விளைவதில்லை, ஆகவே யாரையும் ஏமாற்றவில்லை என்பது அதன் வாதம். கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிந்த ஊர்ப்பெயரை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் ஒதுக்க முடியாது என்று மறுத்துவிட்டது. தெய்வப் பெயர்களும் புனித நூல்களின் பெயர்களும் இதே சிக்கலில் மாட்டுகின்றன. ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்டவருக்குப் பதிவகம் சரி என்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கூடாது என்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. கூடவே இன்னொரு சொல்லைச் சேர்த்து, பெயரைத் தனித்துவமாக்கினால் பரிசீலிக்கலாம் என்பதற்கும் அந்தத் தீர்ப்பில் இடமிருந்தது.

தமிழ்ச் சொற்களுக்கும் இது பொருந்தும். 'ஆச்சி கார்கோ' என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்குத் தடை கேட்டு ஆச்சி மசாலா நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஆச்சி என்பது தமிழர் வீடுகளில் புழங்கும் பொதுச்சொல், மசாலா வேறு சரக்கு அனுப்புவது வேறு என்று சொல்லித் தடை தர நீதிமன்றம் மறுத்தது.

அப்படியானால் 9-ஆம் பிரிவு ஆட்சேபணைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதே பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: விண்ணப்பத் தேதிக்கு முன்பே அந்தப் பெயர் புழக்கத்தால் ஒருவருடைய சரக்கை மட்டும் குறிக்கும் அளவுக்குப் பழகிப் போயிருந்தால் மறுக்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் போதாது, ஆவணம் வேண்டும்.

ஆவணம் என்றதும் எல்லோரும் பில் கட்டை எடுக்கிறார்கள். கம்பிக் கம்பெனியின் பில்லை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம். தலைப்பில் கம்பெனியின் சட்டப்படியான பெயர். கீழே, 'டிஎம்டி பார் 8 எம்எம், எஃப்இ 500டி, எச்எஸ்என் 7214', டன் கணக்கு, விலை, ஜிஎஸ்டி. இப்படிப் போடும் பில்லில் பிராண்டு பெயர் எங்குமே இருக்காது. கணக்குக்கு அது போதும், வரித்துறைக்கும் போதும். பத்து வருடம் அந்தப் பெயரில் விற்றதற்கு அது சாட்சி ஆகாது. கம்பி விற்றதற்கு மட்டுமே சாட்சி. பொருள் விவர வரியில் பிராண்டு பெயரையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்வது கணினியில் ஐந்து நிமிட வேலை. அதை இன்றே செய்யும் சிறு தொழிலதிபர், நாளை வரப்போகும் ஆட்சேபணைக்குப் பாதிப் பதிலை எழுதி முடித்துவிடுகிறார். மீதிப் பாதிக்கு உருளையில் எழுத்து வெட்டியதற்கான பில், சாக்கும் லேபிளும் அச்சடித்த பிரஸ் ரசீது, சுவர் விளம்பரக் கணக்கு, டீலர் ஒப்பந்தம், தேதியோடு கூடிய புகைப்படங்கள் எல்லாம் உதவும்.

விண்ணப்பத்திலேயே நேர்கிற இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு, வேலை சுலபமாக முடியட்டும் என்று, 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று போட்டுவிடுகிறார்கள் சில முகவர்கள். பழைய தேதியைப் போட்டால் ஆதாரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த உழைப்பு மிச்சம். பிறகு 11-ஆம் பிரிவு ஆட்சேபணை வரும்போது, "நாங்கள் 2012-இலிருந்து விற்கிறோம்" என்று சொன்னால், சொந்த விண்ணப்பமே எதிர்சாட்சியாக நிற்கும். 12-ஆம் பிரிவு நேர்மையான இணைப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. 34-ஆம் பிரிவு முன்பிருந்தே பயன்படுத்துபவரைக் காக்கிறது. இரண்டுக்கும் அந்த முதல் தேதிதான் ஆதாரம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கட்டத்தையாவது முதலாளி தன் கண்ணால் படிக்க வேண்டும்.

11-ஆம் பிரிவுக்கு வழக்கமாகப் போகும் பதில் ஒன்று உண்டு: "இதே சொல்லோடு பதிவேட்டில் இன்னும் முப்பது பெயர்கள் இருக்கின்றன, எங்களுக்கு மட்டும் ஏன் தடை?" இணையதளத்திலிருந்து பட்டியலை அச்செடுத்து இணைப்பார்கள். அதன் வலுவின்மையை உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. 'குளுவிட்டா' என்று பிஸ்கட்டுக்குப் பெயர் கேட்டது ஒரு நிறுவனம். 'குளுக்கோவிட்டா' என்று குளுக்கோஸ் பவுடர் விற்ற நிறுவனம் எதிர்த்தது. குளுக்கோ, விட்டா என்ற ஒலிகள் பல பெயர்களில் இருக்கின்றனவே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் தந்த பதில்: பதிவேட்டில் இருப்பது வேறு, கடையில் புழங்குவது வேறு, புழங்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். சாதாரண வாங்குபவரின் ஞாபகம் துல்லியமானதல்ல, இரண்டு பெயரையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட மாட்டார் என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. குளுவிட்டாவுக்குப் பதிவு கிடைக்கவில்லை.

ஆகவே பதில் எழுதுபவர், எதிரில் காட்டப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, பத்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய புதுப்பிப்பு நடந்திருக்கிறதா, எந்தப் பொருளுக்கு, யார் வாங்குகிறார்கள், ஒலி எப்படி, எழுத்து எப்படி என்று சொல்ல வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் அதிகாரி விசாரணைக்குத் தேதி கொடுப்பார். இப்போது அது காணொளி வழியாக நடப்பதால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறிக் கிண்டிக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. அதிகாரி மறுத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதிலிருந்து அந்த வேலை உயர் நீதிமன்றத்துடையது.

அதிகாரி ஒப்புக்கொண்டாலும் கதை முடியாது. பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். இந்த எதிர்ப்புக்கு இரண்டு மாதத்துக்குள் எதிர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்; இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். இரண்டு மாதம் தாண்டினால் விண்ணப்பம் போச்சு. ஆய்வறிக்கையில் காட்டும் தாராளம் இங்கே கிடையாது.

அந்த இரண்டு மாதம் எப்போது தொடங்குகிறது? இதில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. எதிர் அறிக்கை வரவில்லை என்று பதிவகம் ஒருவருடைய விண்ணப்பத்தைக் கைவிடப்பட்டதாக அறிவித்திருந்தது. எதிர்ப்பு நோட்டீஸ் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது என்றது பதிவகம். தனக்கு வரவே இல்லை என்றார் விண்ணப்பதாரர். மின்னஞ்சல் அனுப்பிய கணமே சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. சட்டத்தின் 21-ஆம் பிரிவோ நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து இரண்டு மாதம் என்கிறது. சட்டம் சொல்வதே நிற்கும், கிடைத்த நாள்தான் கணக்கு என்று நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி தீர்ப்பளித்தார். பதிவகத்தின் உத்தரவு ரத்தானது. மின்னஞ்சல் பெட்டியின் குப்பைக்குள் விழுந்த கடிதத்தால் பெயரை இழக்கும் சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதற்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியாது.

எதிர்ப்பவர் பெரிய நிறுவனம் என்பதற்காகப் பின்வாங்க வேண்டியதும் இல்லை. பெங்களூருவில் 1989-இல் தொடங்கிய 'நந்தினி டீலக்ஸ்' உணவகம், உணவுப் பொருள்களுக்கும் அதே பெயரைப் பதிவு செய்யக் கேட்டது. 1985-லிருந்து 'நந்தினி' பால் விற்றுவந்த கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு எதிர்த்தது. பதிவகத்தில் உணவகம் ஜெயித்தது. மேல்முறையீட்டு வாரியத்தில் தோற்றது, கர்நாடக உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. 2018 ஜூலை 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது: நந்தினி தெய்வப் பெயர், இரண்டும் பார்வைக்கு வேறு, பொருளும் வேறு. ஒரே ஒரு கட்டுப்பாடு, பாலும் பால் பொருள்களும் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்.

பொருள் பட்டியலைச் சுருக்குவது நீதிமன்றம் சொன்னால்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 6-ஆம் வகுப்பு முழுவதையும் கேட்டுவிட்டு, பூட்டு விற்கும் ஒருவருடைய பெயரோடு மோதிக்கொண்டிருக்கும் கம்பிக் கம்பெனி, 'கட்டுமானத்துக்கான எஃகுக் கம்பிகள் மட்டும்' என்று பட்டியலைத் திருத்திக் கேட்கலாம். அதற்கான திருத்த மனுவை ஆய்வறிக்கைக்கான பதிலோடு, அந்த 30 நாளுக்குள்ளேயே கொடுத்துவிடலாம்.