பட்டறைக்கு ஓர் உருளும் அலமாரி

பரமத்தி வேலூர் வட்டாரத்தின் செழிப்பைப் பற்றி நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜ வாய்க்கால் பாயும் இடமெல்லாம் வெற்றிலைக் கொடிக்காலும், வாழையும், கரும்பும், தென்னையும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. எனினும், வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு நிலங்களிலும், வாய்க்காலில் நீர் நிறுத்தப்படும் நாட்களிலும், கிணற்று மோட்டாரையே குடியானவர் நம்பியிருக்கின்றனர். வெற்றிலைக்கு வேர் ஆழமில்லை. அடிக்கடி ஈரம் காட்டாவிட்டால் கொடி வாடிவிடும். ஆகவே, இவ்வட்டாரத்தில் மோட்டார் பழுது பார்க்கும் சிறு பட்டறை என்பது விவசாயத்தின் ஓர் அங்கமேயாகும். அந்தப் பட்டறையில் உதிரிச் சாமான்களை வைக்கும் முறை பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். இது சிறிய விஷயம் என்று எண்ணி எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

சென்ற கோடையில் வேலூரை அடுத்த ஒரு சிற்றூரில் அத்தகைய பட்டறை ஒன்றைக் காண நேர்ந்தது. புளியமரத்தடியில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. மோட்டாரின் சொந்தக்காரர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரரோ கொட்டகைக்கும் மரத்தடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பழைய சாக்கை உதறினார். ஆணிகளும், போல்ட்டுகளும், தேய்ந்த புஷ்களும், அறுந்த பெல்ட் துண்டும் சிதறின. வேண்டிய பேரிங் அகப்படவில்லை. "சாமான் இல்லாம இல்லைங்க; எங்க கெடக்குதுன்னுதான் தெரியலீங்க" என்றார். இறுதியில் ஒரு பையனைச் சைக்கிளில் வேலூருக்கு அனுப்பிப் புதிய பேரிங் வாங்கி வரச் செய்தனர். மறுநாள் காலையில், பழைய பேரிங் சாக்கின் அடியில் கிடந்தது. ஓர் இரவுப் பாசனம் போயிற்று. ஒரு பேரிங்கின் விலையும் வீணாயிற்று.

பட்டறைகளை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. ஊராட்சி அலுவலகங்களில் கைப்பம்புச் சாமான்கள், குழாய் மூட்டுகள், தெருவிளக்குச் சாமான்கள் முதலியவை எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதை உறுப்பினர்கள் ஒருமுறை நேரில் சென்று பார்க்கலாம். ஒரு கப் வாஷர் அகப்படாமையால் கைப்பம்பு நின்று, பெண்கள் குடத்துடன் அடுத்த தெருவுக்கு நடக்கும் நிலை எந்த ஊரிலும் ஏற்படலாம். இருப்புப் பதிவேட்டில் அந்த வாஷர் இருக்கும். அறையில் அதைத் தேடிப் பிடிப்பவர்தாம் இல்லை.

தேடும் நேரம் வீணாவதோடு இது முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கலந்து கிடக்கும் சாமான்களால் வேறொரு தீங்கும் விளைகிறது. நம் கிராமங்களில் இருவகை மரைகள் இன்றும் உலவுகின்றன. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ஆம் ஆண்டில் வகுத்த அங்குலக் கணக்கு மரை, பழைய ஆயில் எஞ்சின்களில் உள்ளது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் மெட்ரிக் அளவை முறை ஏற்கப்பட்டு, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. புதிய இயந்திரங்களில் மில்லிமீட்டர்க் கணக்கு மரையே உள்ளது. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. எனவே, அரை அங்குல நட்டை 12 மி.மீ. போல்ட்டில் போட்டால் அது எளிதாக ஏறிவிடும். ஏறிவிட்டது என்று நம்பி முடுக்கினால், மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றியிருக்கும். மோட்டார் ஓடி அதிரும்போது நட்டு வழுக்கிக் கழன்றுவிடும். ஐந்துக்குப் பதினாறு அங்குல போல்ட்டும் 8 மி.மீ. போல்ட்டும் இதைவிட ஏமாற்றும். பருமனில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மயிரிழைதான். ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று ஏறிப் பின் இறுகி நின்றுவிடும். பலங்கொண்டு முடுக்குவோர் இரண்டையும் பாழாக்குவர். ஒரே சாக்கில் இவ்விரு இனங்களையும் போட்டு வைப்பது, விதை நெல்லையும் களை விதையையும் ஒரே குதிரில் கொட்டுவது போன்றதேயாகும்.

இனி, அலமாரியைப் பற்றிக் கூறுவோம். கடையில் விற்கும் இரும்பு இழுப்பறைப் பெட்டிகள் சிறு பட்டறைக்காரருக்கு எளிதில் கட்டுப்படியாவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் உணவு விடுதிகளிலும் மளிகைக் கடைகளிலும் 15 கிலோ சமையல் எண்ணெய் டின்கள் காலியாகக் கிடைக்கின்றன. இந்த டின் ஏறக்குறைய 23½ செ.மீ. சதுரமும் 35 செ.மீ. உயரமும் உடையது. இதைப் படுக்க வைத்து நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், ஒரே அளவுள்ள இரண்டு இழுப்பறைகள் ஆயிற்று. ஆறு டின்களில் பன்னிரண்டு இழுப்பறைகள் கிடைக்கும். தொடக்கத்துக்கு இது போதும்.

வெட்டும் வேலையில் கவனம் தேவை. எண்ணெய் டின்னைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்கு காயவிட வேண்டும். தகரக் கத்தரியாலேயே வெட்ட வேண்டும். பெட்ரோல், தின்னர், பெயிண்ட் இருந்த டின்களை எடுக்கவே கூடாது. அவற்றுள் தங்கிய ஆவியில் ஒரு பொறி பட்டாலும் டின் வெடிக்கும். பூச்சிமருந்து டின்களும் விலக்கத்தக்கவை. வெட்டிய விளிம்பு கத்திபோல் இருக்குமாதலால், 3 மி.மீ. கம்பியை விளிம்பில் வைத்து அதன்மேல் தகரத்தை மடித்துத் தட்டிவிட வேண்டும். தகர வேலை செய்வோருக்கு இது கைவந்த கலை. மடித்தபின் இழுப்பறையின் உயரம் 10½ செ.மீ. அளவில் நிற்கும். டின்னின் வாய் இருந்த பக்கத்தைப் பின்புறமாகவும், வழவழப்பான அடிப்பக்கத்தை முகப்பாகவும் கொள்ளலாம். மிஞ்சும் தகரத் துண்டுகளை மடித்து உள்ளே தடுப்புகளாக வைத்தால், ஓர் இழுப்பறையில் நான்கு அறைகள் அமையும்.

சட்டத்துக்கு எந்த மரமும் ஆகும். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனஞ்சட்டம் மிகவும் உயர்ந்தது. முதிர்ந்த தென்னையும் நன்று. ஆனால் தண்டின் வெளிப்புறத்து வயிரம் மட்டுமே உதவும், நடுவில் உள்ள மரம் மென்மையானது. இவ்விரண்டிலும் ஆணியை நேரே அடித்தால் மரம் பிளக்கும். முதலில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வரிசைக்கு மூன்று இழுப்பறையாக நான்கு வரிசை அமைத்தால், அலமாரியின் நீளம் 80 செ.மீ., அகலம் 40 செ.மீ., மேற்பலகை வரை உயரம் 75 செ.மீ. ஆகும். ஒவ்வோர் இழுப்பறைக்கும் இருபுறமும் ஒரு அங்குல ரீப்பரைத் தாங்கியாக அடித்து, அதில் சிறிது மெழுகு தேய்த்துவிட்டால் இழுப்பறை சிரமமின்றி நகரும். வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருப்போர் 25 மி.மீ. ஆங்கிள் இரும்பிலும் செய்துகொள்ளலாம். அதற்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஆங்கிள் பிடிக்கும். அதன் எடை 22 கிலோ.

அலமாரி ஏன் உருள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மாலையில் கொட்டகைக்குள் பூட்டி வைக்கும் சாமான்களைக் காலையில் மரத்தடிக்குக் கொண்டுவருவதே நம் பட்டறைகளின் வழக்கம். பிரித்த மோட்டாரை நகர்த்த இயலாது. ஆகவே, சாமான்களே அதனிடம் செல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் வண்டி ஓரிடத்தில் நிற்க, தொழிலாளர்கள்தாம் அதைச் சுற்றி வருகின்றனர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோ, தம் உதிரிச் சாமான்களையும் உடன் சுமந்துகொண்டு வடநாடு வரை செல்கின்றன.

நான்கு மூலைகளிலும் நான்கு உருளைகள் பொருத்துவதே பலருடைய முதல் எண்ணமாக இருக்கும். எம் கருத்து அதற்கு மாறானது. நம் பட்டறைத் தரை மட்டமானதன்று. நான்கு உருளைகள் பூட்டிய பாரமான பெட்டி தானே சரிந்து ஓடும். அதற்குத் தடை வைத்தால் செலவு கூடும். இரண்டு சக்கரங்களும் இரண்டு கால்களும் உள்ள கைவண்டி அமைப்பே நமக்கு உகந்தது. நிற்கும்போது காலில் நிற்கும்; தூக்கித் தள்ளினால் நகரும்.

சக்கரத்தை எங்கே பூட்டுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மேற்சட்டங்கள் இரண்டையும் கால்கள் உள்ள பக்கத்தில் 40 செ.மீ. நீட்டிக் கைப்பிடி ஆக்குவோம். அலமாரியும் சாமானுமாக 100 கிலோ இருப்பதாகக் கொள்க. சக்கரத்தை எதிர்முனையின் கோடியிலேயே பூட்டினால், தூக்குபவர் கைக்கு 33 கிலோ வரும். அதே சக்கரத்தைக் கோடியிலிருந்து 20 செ.மீ. உள்ளே தள்ளிப் பூட்டினால் 20 கிலோவே வரும். இன்னும் உள்ளே தள்ளுவோம் என்று ஆசைப்படலாகாது. பாரம் சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டால் அலமாரி பின்னால் கவிழும். சக்கரங்களின் அச்சு அலமாரியின் அகலத்தைவிட இருபுறமும் சிறிது நீண்டிருப்பதும், கால்கள் அதே அளவுக்கு அகன்றிருப்பதும் நலம். இழுப்பறையை வெளியே இழுக்கும்போது முன்புறம் சாயாது.

சிமெண்ட் தரையாயின், மோட்டாரில் தேய்ந்துபோன 6206 அல்லது 6305 பேரிங்கே சக்கரமாகப் போதும். மோட்டாரின் வேகத்துக்கு உதவாத பேரிங், நாளொன்றுக்குப் பத்தடி உருள்வதற்குப் பல ஆண்டுகள் உழைக்கும். நம் சிறுவர்கள் பேரிங் வண்டி செய்து இதை முன்பே நிரூபித்திருக்கிறார்கள். மண் தரையில் பேரிங் புதையுமாதலால், அங்கே குழந்தைகளின் பழைய மூன்று சக்கர சைக்கிளின் சக்கரங்களை நாடலாம்.

பாரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இரும்பு நீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கனமுடையது. ஓர் இழுப்பறையை விளிம்பு வரை போல்ட்டால் நிரப்பினால் முப்பது கிலோ அளவுக்கு வந்துவிடும். தகரமும் தாங்காது, கையும் தாங்காது. கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கனமானவை கீழ் வரிசையிலும், வாஷர், பின், திருகாணி போன்றவை மேல் வரிசையிலும் இருக்கட்டும். ரப்பர் சாமான்களையும் கார்பன் புஷ்களையும் மூடியுள்ள டப்பாவில் இட்டு வைக்க வேண்டும். புதிய பேரிங்கின் உறையைப் பூட்டும் வேளைக்கு முன் பிரிக்கலாகாது. ஆற்றங்கரை ஈரமும் பட்டறைத் தூசியும் அதற்குப் பகை.

முகப்பில் பெயர் எழுதுவது நல்லதுதான். அதைவிட நல்லது, உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றையே முகப்பில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுவது. எழுத்தறியாத உதவியாளும் அதைக் கண்டு எடுப்பார். மின்சாரம் போன இரவில் கையால் தடவியே அறியலாம். பேரிங்குக்கு மட்டும் எண்ணை முழுமையாக எழுத வேண்டும். 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்துளை 20 மி.மீ. என்று தெரியும், 6205-க்கு 25 மி.மீ. ஆனால் 6205, 6305 இரண்டுக்கும் உள்துளை ஒன்றே. வெளிவிட்டமோ முன்னதற்கு 52, பின்னதற்கு 62 மி.மீ. 'இருபத்தைந்து பேரிங்' என்று மட்டும் எழுதி வைத்தால் குழப்பமே மிஞ்சும். இந்தியா மார்க் 2 கைப்பம்பின் கைப்பிடியில் உள்ளது 6204 என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற் கொள்ளலாம்.

மேற்பலகையின் ஓரத்தில், அங்குல போல்ட்டுகள் ஒரு வரிசையாகவும் மில்லிமீட்டர் போல்ட்டுகள் மறு வரிசையாகவும் தலைகீழாக நட்டு நிறுத்தி விடுக. இனந்தெரியாத நட்டு கைக்கு வந்தால், அவற்றில் ஏற்றிப் பார்த்து எந்தக் குலம் என்று நொடியில் கண்டுகொள்ளலாம். அடிவரை தங்குதடையின்றியும் ஆட்டமின்றியும் ஏறுவதே அதன் இணை. எம்மைக் கேட்டால், அலமாரி செய்ய வசதியற்றவர்கள் இந்தப் பலகையையாவது முதலில் செய்துகொள்ள வேண்டும் என்போம்.

சாமான் தீர்ந்தபின் வாங்க ஓடுவதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலை முதலியவற்றில் கையாளப்படும் முறைக்கு அது ஒப்பானது. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு சாமானைத் தனியே ஒரு துணிப்பையில் கட்டி, உள்ளே ஒரு சீட்டுடன் வைத்துவிட வேண்டும். வெளியில் உள்ளவை தீர்ந்து பையை அவிழ்க்கும் அன்றே, சீட்டை எடுத்து வாசலில் உள்ள ஆணியில் குத்திவிடலாம். அடுத்த முறை வேலூர்க் கடைத்தெருவுக்குச் செல்பவர் அச்சீட்டுகளை எடுத்துச் சென்று வாங்கி வருவார். ஊராட்சியில் இச்சீட்டே கொள்முதலுக்கு ஆதாரக் குறிப்பாகவும், பதிவேட்டுடன் இருப்பை ஒத்துப்பார்க்கும் வேளையில் துணையாகவும் இருக்கும்.

பன்னிரண்டு இழுப்பறைகளில் ஒன்றைக் கலப்புச் சாமான்களுக்கென்றே ஒதுக்கிவிடுவது அறிவுடைமை. வேலை மும்முரத்தில் எவரும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவ்வாறு எதிர்பார்க்கும் திட்டம் ஒரு வாரத்தில் கைவிடப்படும். கைக்கு வந்ததை அந்த ஒன்றில் போடட்டும். அது நிறைந்த நாளில், மழை பெய்து வேலை ஓய்ந்திருக்கும் பொழுதில், மேற்பலகையில் கொட்டிப் பிரித்துவிடலாம். அதற்கும் நேரம் வாய்க்காதவர்களுக்கு, ஆயுத பூசைக்கு முதல்நாள் எப்படியும் பட்டறையைக் கழுவத்தானே வேண்டியிருக்கிறது.