கூத்துக்கு வெளிச்சம் பிடிப்பவர்கள்



நம் கல்லூரி ஆண்டு விழாவில் நாடகம் முடிந்ததும் கைதட்டல் யாருக்கு? நடித்தவர்களுக்கு. திரையை இழுத்தவனுக்கும் ஃபோகஸ் லைட்டைத் திருப்பியவனுக்கும் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான்! நாமெல்லாம் டிப்ளமோ படிப்பவர்கள். நாளைக்கு எந்த மேடையாக இருந்தாலும் நாம் நிற்கப் போவது அந்த இருட்டுப் பக்கத்தில்தான். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த மேடை எங்கள் ஊர் மணல்தான். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்து நடக்கும். மேடை கிடையாது. வலை காயப் போடும் இடத்தைக் கூட்டி, நாலு கம்பம் நட்டால் அதுதான் களரி. இந்தக் கூத்தைத் தெருக்கூத்து என்கிறோம். பெருங்கட்டூர் ராஜகோபால் போன்றவர்கள் "கட்டைக்கூத்து" என்று சொல்ல வேண்டும் என்பார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரக்கட்டையில் செய்வதால் அந்தப் பெயர். அவர் பங்கெடுத்துக் காஞ்சிபுரத்தில் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமும் நடந்தது. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் அங்கே கூத்து கற்றார்கள், கூடவே பள்ளிப் படிப்பும் படித்தார்கள்.

அந்தக் கட்டைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மரம் கல்யாண முருங்கை. காரணம் எடைதான். தேக்கில் செய்தால் விடிய விடியத் தலையில் வைத்துக்கொண்டு சுழன்று ஆட முடியுமா? நம் மெக்கானிக்கல் நண்பர்கள் 'மெட்டீரியல் செலெக்‌ஷன்' என்று ஒரு பாடமே படிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத தச்சர் அதை எப்போதோ முடித்துவிட்டார்! அந்த மரத்தின் மேல் கலர் காகிதமும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். வெறும் அழகுக்கு என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் வெளிச்சம் தீவட்டிதான், பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. ஆள் திரும்பும்போதெல்லாம் கண்ணாடி அந்தக் கொஞ்ச வெளிச்சத்தை வாங்கி நாலு பக்கமும் வீசும். முகத்தில் அரிதாரமும் முத்துவெள்ளையும் அவ்வளவு அழுத்தமாகப் பூசுவதும் கடைசி வரிசைக் கிழவிக்குக் கண்ணும் மீசையும் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டு முகத்தை அப்பளம் மாதிரி தட்டையாக்கி விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வெளிச்சமே அல்ல.

திரைக்குக் கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. இரண்டு பேர் ஒரு துணியைக் கையில் பிடித்து நிற்பார்கள். பின்னால் வேஷக்காரர் திரை விருத்தம் பாடுவார். சலங்கை கேட்கும், ஆள் தெரியாது. துரியோதனன் வரப்போகிறான் என்று பிள்ளைகள் நடுங்கும். திரை விலகும்! இவ்வளவுக்கும் செலவு ஒரு துணிதான்.

குழுவை நடத்துபவர் வாத்தியார். முகவீணை, மிருதங்கம் அல்லது டோலக், ஆர்மோனியம், தாளம் என்று வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பின்பாட்டுக்காரர்கள் வேஷக்காரர் விட்ட அடியை எடுத்துப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவர் மூச்சு வாங்குகிறார். கட்டியங்காரனை நாம் சிரிப்புக்காரன் என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அவர்தான் ஸ்டேஜ் மேனேஜர்! உள்ளே பாஞ்சாலிக்குப் புடவை கட்டி முடியவில்லையா, ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்து பத்து நிமிஷம் ஓட்டிவிடுவார். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது.

செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் இந்தக் கலையின் பெரிய வாத்தியார். அவர் கூத்தில் மனம் பறிகொடுத்தவர்களில் ஒருவர்தான் 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய நா. முத்துசாமி. சபா மேடைப் பக்கம் போனால் ஆர்.எஸ். மனோகர். 2006-ல் மறைந்த இவர் தன் நேஷனல் தியேட்டர்ஸ் மூலம் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களைத் தந்திரக் காட்சிகளோடு போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் காட்சி மாறும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மனோகரைத் தெரியும். அந்த செட்டைத் தள்ளியவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

இனி நம் துறைக்கு வருகிறேன். இன்று கூத்துக் குழுவில் சேராமலே சேர்ந்துவிட்ட ஓர் ஆள் மைக் செட் அண்ணன். குழாய் ஸ்பீக்கர் 'கூ...' என்று ஊளையிட்டால் எல்லோரும் அவரைத் திட்டுவார்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதால் வரும் ஊளை அது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்துக் கட்டினால் பாதி அடங்கிவிடும்.

ஊளையாவது காதோடு போகும். கரண்ட் அப்படியில்லை. போன வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "இன்னா தம்பி, நீ கரண்டுக்குத்தானே படிக்கிற? இந்த ஆம்ப்ளிஃபயர்ல கை வச்சா சுர்ருன்னுது, வந்து பாரேன்" என்றார். "அண்ணே, மொதல்ல ஜெனரேட்டர ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னையே வெட்டி எடுத்திருந்தார்கள். ரெண்டு துளை பாக்ஸில் நுழையவில்லையாம்! உள்ளே உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஒரு ஜாயின்ட் இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மைக்கின் முன்னால்தான் இன்னும் ஒரு மணி நேரத்தில் துரியோதனன் நிற்க வேண்டும். காலில் செருப்பில்லை, சலங்கைதான். உடம்பெல்லாம் வியர்வை, கீழே ஈர மணல்.

முதலாமாண்டில் படித்த ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாற்றப் பொருத்தும் ட்ரிப்பர் 30 மில்லி ஆம்பியரிலேயே அறுத்துவிட வேண்டும். சாதாரண ஃபியூஸ் இதற்கு உதவாது. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆள் விழுவார், ஃபியூஸ் அப்படியே இருக்கும். எங்கள் ஊர் மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே மண்தான் வெறுங்காலையும் நன்றாகப் பிடிக்கிறது.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது நினைவிருக்கும். திருவிழாவில் கரண்ட் யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

நைனா இதைக் கேட்டுவிட்டு ஏரிக் கணக்கில் சொன்னார்: "வலையில பங்கு இருக்கு, படகுக்குப் பங்கு இருக்கு, கயிறு புடிச்சவனுக்கும் பங்கு இருக்கு. கூத்துல வெளிச்சம் புடிச்சவனுக்கு மட்டும் ஏன் இல்ல?" எங்கள் பக்கம் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிகுப்பம் மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' முறை பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அப்படி நியாயம் பார்க்கும் ஊர்களிலும் மைக் செட்டுக்குப் பணம் பேசும்போது மட்டும் கடைசி வரை பேரம்தான். பேரத்தில் குறையும் காசு எங்கே குறைகிறது? புது ஒயரில், எர்த் கம்பியில்!

இந்த வருஷம் நம் ஆண்டு விழாவுக்கு மேடைக் கமிட்டியில் மின்னியல் துறையிலிருந்து நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். வாடகை செட் வந்ததும் பிளக்குகளைப் பார்ப்போம். கம்பங்களுக்கு டெஸ்டர் வைப்போம். ட்ரிப்பரின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்ப்போம். ஜெனரேட்டரில் ஓடினால் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேராவிட்டால் ட்ரிப்பர் இருந்தும் நமக்குக் காவல் இல்லை. எர்த் கம்பிக்கு மட்டும் யூனியன் கணக்கில் தனியாக ஒரு தொகை கேட்டிருக்கிறோம். செயலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

— இரண்டாமாண்டு மாணவன், மின்னியல் துறை