பெட்ராபோலின் நட்பு வாயில்

கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பழைய ஜெசோர் சாலை இந்திய மண்ணை விட்டு நீங்கும் இடம் பெட்ராபோல். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் பெனாபோல். இரு நாடுகளின் தரைவழி வணிகத்தில் சுமார் 70 விழுக்காடு இவ்வழியே நடைபெற்று வந்தது.

2016-இல் இங்கு ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. 2024 அக்டோபர் 27 அன்று புதிய பயணியர் முனையமும், 'மைத்ரி துவார்' எனும் சரக்கு வாயிலும் அதனுடன் சேர்ந்தன. மைத்ரி என்றால் நட்பு. பஞ்சாபின் அட்டாரி எல்லையில் கொடியிறக்கம் காணத் திரளும் மக்களுக்கென மாடங்களே எழுப்பப்பட்டுள்ளன. அங்கு எல்லை ஓர் அரங்கம். மைத்ரி துவாரோ எல்லைக் கோட்டின் மீதே, இரு நாடுகளும் இசைந்து அமைத்த பொது வாயில். முகப்பின் அழகைவிட, அதனைக் கடக்க லாரிக்கு ஆகும் நேரமே எம் போன்ற வங்கியாளர் கண்ணுக்குப் படுகிறது. லாரி வரிசையில் நிற்கும் நாள்களிலும் ஏற்றுமதிக் கடனுக்கு வட்டி ஓடுகிறதல்லவா?

ஆயினும் வாயில் திறந்து ஓராண்டு நிறையுமுன்னரே தடைகள் வந்தன. 2025 ஏப்ரலில், தரைவழியே இந்திய நூல் வருவதை வங்கதேசம் நிறுத்தியது. தமிழக நூற்பாலைகளுக்கும் அது கவலை தந்தது. மே மாதம், வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதை இந்தியா தடுத்து, கொல்கத்தா, நவசேவா கடல் துறைமுகங்களை மட்டும் அனுமதித்தது.

வழி மாறினால், கடனுறுதிக் கடிதத்தில் குறித்த இடத்தையும் திருத்த வேண்டிவரும். ஆகவே ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர்கள், தம் சரக்கு எவ்வழியே செல்ல அனுமதி உள்ளது என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன்னரே விசாரித்தறிவது நலம்.