அசையாப் படத்தில் ஓர் அசைவு

நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலையோரத்துத் தேநீர்க் கடை ஒன்றின் நிழற்படம் நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். நின்றவர்கள் நின்றபடியும், பெஞ்சின்மேல் மடித்து வைத்த நாளிதழ் வைத்தபடியும், பின்னே ஓங்கிய மென்பொருள் நிறுவனக் கட்டடம் வெயிலில் மின்னியபடியும் உறைந்திருக்க, கடைக்காரர் தேநீர் ஆற்றும்போது மேல் குவளையிலிருந்து கீழ்க் குவளைக்கு இறங்கும் தாரை மட்டும் இடைவிடாது ஒழுகிக்கொண்டிருக்கிறது. மேல் குவளை ஒழிவதுமில்லை, கீழ்க் குவளை நிரம்புவதுமில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ஜேமி பெக், கெவின் பர்க் என்னும் இருவர் 2011இல் இவ்வகைப் படத்துக்குச் சினிமாகிராஃப் என்று பெயரிட்டனர். கலை பயிலும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த செயல்திட்டம் அரிது என்பது என் துணிபு. ஏனெனில் செலவு சொற்பம், விவேகமோ மிகுதியாக வேண்டும்.

பெயர் புதிதாயினும் சுழற்சி பழையது. பெல்ஜியத்து விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ 1832இல் ஒரு வட்டத் தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் படங்களை வரைந்து, இடையிடையே பிளவுகள் வெட்டி, கண்ணாடியின் முன் சுழலவிட்டு, பிளவுகளின் வழியே நோக்கினார். தனித்தனிச் சித்திரங்கள் ஒரே சலனமாயின. வட்டத்துக்கு முதலும் முடிவும் இல்லையாதலால், கடைசிச் சித்திரத்தை அடுத்து முதற்சித்திரமே வந்து நின்றது. 1895இல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் திரைப்படம் காட்டியபோதுதான் சலனத்துக்குத் தொடக்கமும் இறுதியும் உறுதிப்பட்டன. 1987இல் தோன்றிய ஜிஃப் என்னும் கணினிக் கோப்பு 1995 முதல் உலாவியில் ஓயாது சுழலத் தொடங்கியபோது, பிளாட்டோவின் சக்கரம் மீண்டும் வந்தது என்றே சொல்லலாம்.

செய்முறைக்கு வருவோம். முதற்தேவை முக்காலி, கருவி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உறைந்த பகுதியும் அசையும் பகுதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விளிம்பு நடுங்கும். போகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிடில் ஒரு மேகம் கடந்தாலே கைப்பேசி தானாக வெளிச்சத்தைத் திருத்தி, சுழற்சி திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் இமைகொட்டும். குழல்விளக்கின் கீழ் எடுப்பவர்கள், நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதை நினைவிற்கொண்டு, ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ வைத்தால் வெளிச்சத் துடிப்பு தோன்றாது. பத்து நொடி வீடியோவில், நொடிக்கு முப்பது வீதம், முந்நூறு பிரேம்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை நிச்சலமான படமாகத் தேர்ந்து மேலே பரப்பி, அசைய வேண்டிய இடத்தை மட்டும் மாஸ்க் இட்டுத் துளைத்தால், அத்துளையின் வழியே கீழிருக்கும் வீடியோ தெரியும்; முழுச் சூட்சுமமும் இவ்வளவே.

கடினமானது தையல் தெரியாமல் முனைகளை இணைப்பதுதான். கோவளத்துக் கரையிலே படகின் கொடி, சவுக்குக் கிளை போன்று ஊசலாடுபவற்றை முன்னும் பின்னுமாக ஓட்டினாலும் கண் ஏற்றுக்கொள்ளும். தேநீரையும் புகையையும் அவ்வாறு ஓட்டினால் தேநீர் மேலேறும், புகை அடுப்புக்குள் புகும். ஆதலால் அவற்றுக்குச் சுழற்சியின் கடைசிப் பதினைந்து பிரேம்களைத் தொடக்கத்துக்கு முந்தைய பதினைந்தோடு மெல்லக் கரைத்துக் கலக்க வேண்டும். சிற்பியின் தொழிலோ இந்த உபாயத்தையும் வேண்டுவதில்லை. மாமல்லபுரத்துப் பட்டறையில் உளிமேல் விழும் சுத்தியல் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும்புகிறது. அந்த உச்சியில் தொடங்கி அடுத்த உச்சியில் வெட்டினால், பயின்ற கையின் தாளமே படத்தை மூடித் தருகிறது. முடிந்த படத்தை ஜிஃபாகச் சேமித்தால் 256 வண்ணங்களுக்குமேல் நில்லாது, மாலை வானம் பட்டை பட்டையாகப் பிளக்கும். வீடியோக் கோப்பே மேல்.

ஆயினும் எதை அசையவிடுவது என்னும் கேள்வியே கலையின் உயிர். இதற்கு ஆசான் தேடி மாணவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாவலூரிலிருந்து தெற்கே சென்று, கேளம்பாக்கத்தில் கோவளத்துக்குத் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் வழங்கும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்தொகுதியை அடையலாம். யானைகளும் முனிவர்களும் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியும் அவனைப் பார்த்துத் தவக்கோலம் பூண்ட பூனையும் கல்லாய் நிற்க, பாறையின் நடுவிலுள்ள இயற்கைப் பிளவில் நாகர்கள் கைகூப்பி எழுகின்றனர். பாறையின் உச்சியிலுள்ள தொட்டி போன்ற அமைப்பைக் கொண்டு, விழாக் காலங்களில் இப்பிளவின் வழியே நீர் பாயவிடப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து மெய்யாயின், அத்தனை உருவங்களையும் நிச்சலமாக நிறுத்தி ஒரே பிரவாகத்தை மட்டும் அசையவிட்ட அச்சிற்பிகளின் தேர்வு என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது.

இன்று அங்கே நீர் பாய்வதில்லை. ஒரு மாணவியோ மாணவனோ தொல்லியல் துறையிடம் முக்காலிக்கு முன்அனுமதி பெற்று, மேகமற்ற காலையில் அச்சிற்பத்தை ஒரே நிழற்படமாக எடுத்துவிட்டு, பின்னர் மழைநாளில் வேறொரு பாறையில் வழியும் நீரைத் தனியே வீடியோவாகப் பிடித்து, பிளவின் வடிவில் மாஸ்க் வெட்டி, நாகர்களின் தோள்மேல் அந்நீரை இறக்கி, கீழே ‘கற்பனை’ என்று ஒரு சொல்லும் எழுதிவைப்பாராயின், அதைக் காண நான் முதல் வரிசையில் நிற்பேன்.